ஈரல் நோயாளிக்கு ட்யூப் போட்டால் நாலாம் நாள் நிமோனியா: எப்படித் தடுப்பது?

கோபி சிஸ்டர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கங்க. கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் ஒரு சின்ன மருத்துவமனையில் ஐசியூ இன்சார்ஜாக இருக்கிறேன். படுக்கை ஆறு, வென்டிலேட்டர் மூன்று. சத்தியமங்கலம், அந்தியூர், நம்பியூர், பவானிசாகர் என்று சுற்று வட்டாரத்துக் கேஸ் எல்லாம் முதலில் எங்களிடம்தான் வரும். பெரிய கேஸ் என்றால் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடுவோம். ஆனால் ஆம்புலன்ஸில் ஏற்றக்கூடிய நிலை வரும் வரைக்கும் இங்கேயே வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது என் மனசை அரிப்பது ஈரல் நோயாளிகள். கட்டுவிரியன் கடித்து மூச்சு நின்றுபோய், மூச்சுக்குழாய்க்குள் ட்யூப் போட்டு மெஷினில் வைத்தவர்கள்கூட சில நாளில் ட்யூப் எடுத்து நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். ஈரல் சுருங்கியவர் ரத்த வாந்தி எடுத்தோ நினைவு தப்பியோ வந்து ட்யூப் போட்டால், மூன்றாம் நாள், நாலாம் நாள் காய்ச்சல் வந்துவிடுகிறது. சக்‌ஷனில் சளி மஞ்சளாகக் கெட்டியாக வருகிறது, எக்ஸ்ரேயில் அடிப்பக்கம் வெள்ளையாகத் தெரிகிறது. அதே வார்டு, அதே ஸ்டாஃப், அதே மெஷின்தான். குடியால் ஈரல் போனவர்கள் மட்டும் இல்லைங்க, வாழ்க்கையில் ஒரு சொட்டு தொடாத சர்க்கரைக்காரர்களும் கொழுப்பு ஈரல் முற்றி வருகிறார்கள். இரண்டு பேருக்கும் இதே கதைதான்.

எங்களிடம் சார்ட் இருக்கிறது. தலைப்பக்கம் உயர்த்துவது, வாய் சுத்தம், கை கழுவுவது எல்லாம் டிக் அடிக்கிறோம். ஆனால் ஈரல் நோயாளிக்கு ஒவ்வொன்றிலும் இடிக்கிறது. வயிறு தண்ணீர் கோத்துப் பானை மாதிரி இருக்கும்போது தலையை உயர்த்தினால் மூச்சு இன்னும் கஷ்டப்படுகிற மாதிரி தெரிகிறது. பிளேட்லெட் குறைவு, பிரஷ் வைத்தால் ஈறில் ரத்தம். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷ் வேண்டும் என்று ஒருவர், வேண்டாம் என்று ஒருவர். மலம் இளக்கும் லாக்டுலோஸ் விட விட வயிறு ஊதுகிறது. வேரிசஸ் (உணவுக்குழாயில் புடைத்த ரத்தக்குழாய்கள்) இருக்கிறது, மூக்கு வழியாக இரைப்பைக்கு ரைல்ஸ் ட்யூப் போடலாமா என்று டியூட்டி டாக்டரே தயங்குகிறார். இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் எல்லோருக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஈரல் ஐசியூவில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்க. புத்தகத்தில் இருப்பதை நானே படித்துக்கொள்வேன். நடைமுறையில் எதை முன்னால் வைக்க வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

ஈரோட்டு அக்கா எழுதியது:

அம்மிணி, உங்கள் சார்ட்டில் குறை இல்லை. அது பொதுவான நோயாளிக்கு எழுதிய சார்ட், அவ்வளவுதான். ஈரல் நோயாளிக்கு அதே வேலைகளின் வரிசை மாறும். நான் ஈரோட்டிலும் கோவையிலும் பல வருஷம் ஐசியூவில் நின்றவள், இப்போது நர்சிங் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு, அதனால் நீளமாகத்தான் எழுதுவேன்.

ஏன் இவர்களுக்கு மட்டும் சீக்கிரம் வருகிறது என்று முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். ட்யூப் போடுவதற்கு முன்பே பாதி வேலை நடந்து முடிந்திருக்கும். நினைவு மங்கியவர் எச்சிலையும் வாந்தியையும் மூச்சுக்குழாய்க்குள் விட்டிருப்பார், ரத்த வாந்தி எடுத்தவர் ரத்தத்தையே இழுத்திருப்பார். அப்புறம், கெட்டுப்போன ஈரல் கிருமியை எதிர்க்கத் தேவையான புரதங்களைச் சரியாகச் செய்யாது. வெள்ளை அணுக்கள் எண்ணிக்கையில் இருந்தாலும் வேலையில் சோர்ந்திருக்கும். வயிற்றுத் தண்ணீர் உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் கிடக்கும். தசை கரைந்துபோயிருப்பதால் இருமலுக்கு வலு இருக்காது. பாம்புக்கடிப் பையனுக்கு இதில் ஒன்றுகூடக் கிடையாது. அதனால் இரண்டு பேரையும் ஒப்பிட்டு ஸ்டாஃப் மேல் பழி வைக்காதீர்கள்.

என் கணக்கில் முதலாவது வேலை, ட்யூப் இருக்கும் நாட்களைக் குறைப்பது. மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான். ரத்த வாந்தி கேஸில் எண்டோஸ்கோபிக்கு முன்னால் மூச்சுக்குழாயைக் காப்பாற்ற ட்யூப் போடுகிறார்கள். நினைவு சரியில்லாதவருக்கும், ரத்தமாக வாந்தி எடுத்துக்கொண்டே இருப்பவருக்கும் அது தேவைதான். ஆனால் வேரிசஸை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி ரத்தம் நின்றுவிட்டது, ஆள் தெளிவாக இருக்கிறார் என்றால், அந்த ட்யூப் ஏன் மறுநாள் சாயங்காலம் வரை இருக்க வேண்டும்? வேரிசஸ் வைத்தியத்துக்கான சர்வதேச பாவெனோ 7 வழிகாட்டுதலிலேயே எண்டோஸ்கோபி முடிந்ததும் முடிந்தவரை சீக்கிரம் ட்யூப்பை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். 'ராத்திரி டாக்டர் இல்லை, காலையில் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடுகிற அந்த ஒரு ராத்திரியில் கிருமிக்கு நிறைய நேரம் கிடைத்துவிடுகிறது. தினமும் ரவுண்ட்ஸில் 'இவருக்கு இன்னும் ட்யூப் எதுக்குங்க?' என்று இன்சார்ஜ் வாயைத் திறந்து கேட்க வேண்டும். டாக்டர் காரணம் சொல்லட்டும், சார்ட்டில் எழுதட்டும்.

இரண்டாவது தூக்க மருந்து. இங்கேதான் ஈரல் நோயாளிகள் அதிகம் அடிபடுகிறார்கள். நம் சின்ன ஐசியூக்களில் கை நேராக மிடாசோலம் பக்கம்தான் போகும், விலையும் குறைவு, பழகிய மருந்து. மிடாசோலத்தைக் கரைத்து வெளியேற்ற வேண்டியது ஈரல். சிரோசிஸ்காரருக்கு, அதாவது ஈரல் சுருங்கியவருக்கு, அது உடம்பிலேயே தேங்கிவிடும். டிரிப்பை நிறுத்தியும் மறுநாள் கண் திறக்காமல் கிடப்பார். அது மருந்து மயக்கமா, ஈரல் கெட்டதால் மூளை மங்குகிற ஈரல் மயக்கமா என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. போதாக்குறைக்கு அந்த வகை மருந்துகள் ஈரல் மயக்கத்தையே கூட்டும். முடிந்தவரை மிடாசோலம் தவிருங்கள் என்று உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். தேவை என்றால் புரொபோஃபால் மாதிரி சீக்கிரம் கலைகிற மருந்து, வலிக்குக் கொஞ்சம் ஃபென்டனில். டெக்ஸ்மெடிடோமிடினும் ஈரல் வழிதான் போகிறது, அளவு குறைய வேண்டும். புரொபோஃபாலில் பிபி இறங்கும், கண் வைத்திருக்க வேண்டும். ஈரல் மயக்கத்தின் ஆழத்தில் இருப்பவருக்குத் தூக்க மருந்தே தேவைப்படாது, ட்யூப்போடு அமைதியாகத்தான் கிடப்பார். அவருக்கும் பழக்க தோஷத்தில் டிரிப் ஓடுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். காலையில் மருந்தை நிறுத்தி எழுப்பிப் பார்ப்பது, அதோடு சேர்த்தே மெஷின் உதவியைக் குறைத்துத் தானாக மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பது, இந்த இரண்டையும் ஒரே வேலையாகக் கட்டிவிடுங்கள்.

தலைப்பக்கம். 1999இல் பார்சிலோனாவில் 86 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. மல்லாக்கப் படுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்கு நிமோனியா சந்தேகம் வந்தது, 45 டிகிரி உயர்த்திப் படுத்தவர்களில் 8 சதவீதம்தான். சின்னச் சோதனைதான், ஆனாலும் இன்றுவரை 30 முதல் 45 டிகிரி என்று எல்லோரும் சொல்வதில் அதற்குப் பங்கு உண்டு. உங்களுக்கு இடிப்பது ஏன் என்றால், கட்டிலை நடுவில் மடக்கித் தலையை உயர்த்தும்போது இடுப்பு மடங்குகிறது, தண்ணீர் நிறைந்த வயிறு அமுங்கி உள்ளே அழுத்தம் ஏறுகிறது. வழி என்னவென்றால், இடுப்பை மடக்காமல் கட்டில் முழுவதையும் சாய்த்து, தலை மேலேயும் கால் கீழேயும் வைப்பது. பழைய கட்டிலாக இருந்தால் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்துச் சமாளித்திருக்கிறோம். சக்கரத்தைப் பூட்டிவிட்டு வையுங்கள். கீழே சரிந்து வருகிறாரா என்று அடிக்கடி பார்க்க வேண்டும், 30 டிகிரி என்று எழுதிவிட்டு ஆள் கட்டில் நடுவில் சுருண்டு கிடந்தால் அந்த டிகிரிக்கு அர்த்தமே இல்லை.

அதோடு வயிற்றையே குறைக்கச் சொல்லுங்கள். இறுக்கமான வயிறு என்றால் மூத்திர ட்யூப் வழியாக வயிற்று அழுத்தம் அளந்து பார்க்கலாம், 12 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு மேலே நிற்கிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். தண்ணீர் எடுத்தால் நுரையீரல் விரியும், எதுக்களிப்பும் குறையும். 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் எடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் 8 கிராம் கணக்கில் ஆல்புமின் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் கிட்னி மாட்டிக்கொள்ளும். பிபி தள்ளாடுகிறவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுப்பார்கள். ஆல்புமின் விலையைக் கேட்டு வீட்டார் மலைப்பார்கள், ஏன் போடுகிறோம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

ஈரல் மயக்கத்துக்கு லாக்டுலோஸ் அவசியம், அதில் கை வைக்க வேண்டாம். ஆனால் நோக்கம் நாளைக்கு இரண்டு மூன்று தடவை இளகிப் போவதுதான். அது வந்த பிறகும் அதே வேகத்தில் விட்டுக்கொண்டிருந்தால் வயிறு காற்றால் ஊதும், எதுக்களிக்கும், உடம்பு வறண்டு சோடியம் ஏறும். ஒவ்வொரு ஷிஃப்ட்டிலும் எத்தனை தடவை போனார் என்று எழுதுங்கள், அதை வைத்து அளவைக் கூட்டிக் குறைக்கட்டும். குடல் அசையாமல் வயிறு கல்லாக இருந்தால் மேலே இருந்து விடுவதை நிறுத்தி எனிமாவாகக் கொடுக்கலாமா என்று கேளுங்கள். 300 மில்லி லாக்டுலோஸை 700 மில்லி தண்ணீரில் கலந்து கொடுக்கும் முறை இருக்கிறது.

வாய்க்கு பிரஷ்தான், மவுத்வாஷ் வேண்டாம். அமெரிக்கத் தொற்றுத் தடுப்புச் சங்கங்கள் சேர்ந்து 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதலில் பல் துலக்குவதைக் கட்டாயப் பட்டியலில் வைத்தார்கள், குளோர்ஹெக்சிடினைப் பொதுவாக வேண்டாம் என்று தள்ளினார்கள். உயிருக்கு ஆபத்தைக் கூட்டலாம் என்ற சந்தேகம் வந்ததுதான் காரணம். ஈறில் ரத்தம் வருகிறவருக்குக் குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ், ஈரப்படுத்தி, மெதுவாக. ரொம்பவும் கசிந்தால் அன்றைக்கு மட்டும் ஈரத் துணியால் துடையுங்கள், மறுநாள் மறுபடி பிரஷ். ரத்தக் கட்டி வாயில் தங்கினால் அதிலேயே கிருமி வளரும், பயந்து விட்டுவிடுவதுதான் கெடுதல். பிரஷ் செய்யும்போது சக்‌ஷன் கையிலேயே இருக்கட்டும்.

கஃப் என்பது ட்யூப்பைச் சுற்றி மூச்சுக்குழாயை அடைக்கும் பலூன், அதன் பிரஷர் 20 முதல் 30 சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்குள். விரலால் பலூனை அமுக்கிப் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்பது போதாது, மீட்டர் வேண்டும். காலிங்கராயன் வாய்க்காலில் மடைப் பலகை இறுகாவிட்டால் ஓரத்தில் தண்ணீர் கசிவதைப் பார்த்திருப்பீர்கள், கஃப் தளர்ந்தால் அதன்மேல் தேங்கிய எச்சில் அப்படித்தான் நுரையீரலுக்குள் இறங்கும். நோயாளியைத் திருப்புவதற்கு முன், ஸ்கேனுக்குத் தட்டையாகப் படுக்க வைப்பதற்கு முன், தொண்டையில் தேங்கியதை உறிஞ்சிவிட்டு, ஃபீடை நிறுத்திவிட்டுத் திருப்புங்கள். கஃபுக்கு மேலே உறிஞ்சுகிற தனிக்குழாய் வைத்த ட்யூப்கள் இருக்கின்றன, இரண்டு மூன்று நாளுக்கு மேல் தேவைப்படும் என்று தெரிந்தவருக்குப் போடலாம். விலை அதிகம், ஆனால் ஒரு நிமோனியா வைத்தியத்தின் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

ரைல்ஸ் ட்யூப் விஷயத்தில் உங்கள் டாக்டரின் தயக்கம் பலருக்கும் உண்டு. ரத்தம் கசியாத வேரிசஸ் இருப்பது ட்யூப் போடத் தடை இல்லை என்று ஐரோப்பிய ஈரல் சங்கமே சொல்கிறது. பேண்ட் போட்ட கையோடு போடலாமா என்பதை மட்டும் எண்டோஸ்கோபி செய்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டினி போடாதீர்கள், புரதத்தையும் குறைக்காதீர்கள். ஈரல் மயக்கத்துக்குப் புரதம் ஆகாது என்பது பழைய பேச்சு, இப்போது கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை கொடுக்கச் சொல்கிறார்கள். எடை என்பது வயிற்றுத் தண்ணீரைக் கழித்த எடை.

சர்க்யூட்டை (மெஷினையும் ட்யூப்பையும் இணைக்கும் குழாய்களை) தேதி வைத்து மாற்ற வேண்டியதில்லை, அழுக்கு தெரிந்தாலோ பழுதானாலோ மாற்றினால் போதும். குழாயில் தேங்கும் தண்ணீர் நோயாளி பக்கம் ஓடாமல் பாருங்கள்.

இவ்வளவு தூரம் ஏன் மெனக்கெட வேண்டும் என்று கேட்பவருக்கு ஒன்று சொல்லுங்கள். நம் ஐசியூக்களில் வருகிற கிருமி பெரும்பாலும் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ். சாதாரண மருந்துக்கு மசியாது. கடைசியில் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் வரைக்கும் போக வேண்டி வரும், அது கிட்னியைத் தாக்கும். ஈரல் போனவருக்குக் கிட்னி ஏற்கெனவே நூலில் தொங்குகிறது. மற்றவருக்கு நிமோனியா வந்தால் மருந்து கொடுத்து மீட்கலாம், இவருக்கு அந்த மருந்தே அடுத்த ஆபத்தாக வந்து நிற்கும்.

குடல் ஈரல் மருத்துவர், கோவை:

அக்கா சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. பான்டோபிரசோல் பற்றி அவர் எழுதவில்லை, அதை நான் சொல்கிறேன்.

2024இல் வெளியான ரிவைஸ் என்ற சோதனையில் வென்டிலேட்டரில் இருந்த 4,821 பேரில் ஒரு பாதிக்குப் பான்டோபிரசோலும் மறு பாதிக்கு மருந்தில்லாத போலி மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். இரைப்பையில் பெரிய ரத்தக்கசிவு 3.5 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறைந்தது. நிமோனியா இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான், 23 சதவீதம் சுற்றி. ஆகவே வென்டிலேட்டரில் இருக்கும்போது கொடுப்பதால் நிமோனியா கூடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் ஈரல் நோயாளியில் வேறு கவலை இருக்கிறது. இந்த மருந்தை நீண்ட நாள் ஓட்டினால் வயிற்றுத் தண்ணீரில் தொற்றும், ஈரல் மயக்கமும் கூடுவதாகப் பல ஆய்வுகளில் தெரிகிறது. வேரிசஸ் ரத்தக்கசிவுக்கு அது வைத்தியமே இல்லை. எண்டோஸ்கோபிக்கு முன் தொடங்கியிருந்தால், வேறு கட்டாயக் காரணம் இல்லாவிட்டால் முடிந்தவுடன் நிறுத்தலாம். ட்யூப் எடுத்த பிறகும், வீட்டுக்குப் போன பிறகும் சீட்டில் அது தொடர்வதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். டிஸ்சார்ஜ் எழுதும்போது அந்த வரியைப் பாருங்கள்.

ஆன்டிபயாடிக் பற்றி: வேரிசஸ் ரத்தக்கசிவோடு வரும் சிரோசிஸ் நோயாளிக்குச் செஃப்ட்ரியாக்ஸோன் தினம் 1 கிராம், அதிகபட்சம் 7 நாள், வந்தவுடனே தொடங்க வேண்டும். மூச்சுக்குழாயில் ரத்தம் இழுத்தவருக்கும் அது கொஞ்சம் உதவும். அதைத் தாண்டி 'வராமல் இருக்க' என்று பெரிய ஆன்டிபயாடிக்கை முன்கூட்டியே போடாதீர்கள். பிரான்சில் நடந்த ஒரு சோதனையில் அமிகாசினை ஆவியாக மூன்று நாள் இழுக்க வைத்தபோது நிமோனியா 22 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தது, 2023இல் வந்தது. ஆனாலும் அமிகாசின் கிட்னிக்கு ஆகாத வகை. கிட்னி தள்ளாடும் ஈரல் நோயாளிக்கு, அதுவும் எதிர்ப்புக் கிருமி மலிந்த நம் ஊர் ஐசியூவில், நான் அதை வழக்கமாக்க மாட்டேன்.

இன்னொன்று, எக்ஸ்ரேயில் வலது அடியில் வெள்ளை எல்லாம் நிமோனியா இல்லை. வயிற்றுத் தண்ணீர் உதரவிதானத்தின் சிறு துளைகள் வழியாக நெஞ்சுக்குள் ஏறி வலது பக்கம் தேங்குவது ஈரல் நோயில் சகஜம். அல்ட்ராசவுண்ட் வைத்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆன்டிபயாடிக் மாற்றுவதற்கு முன்னால் ட்யூப் வழியாகச் சளி எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்புங்கள், வயிற்றுத் தண்ணீரையும் அனுப்புங்கள். காய்ச்சலின் ஊற்று வயிறாகவும் இருக்கலாம்.

திருப்பூர் பிசியோ:

சிஸ்டர், உங்கள் ஐசியூவுக்குப் பிசியோ வருகிறார் என்றால் அவரை நெஞ்சைத் தட்டுவதற்கு மட்டும் கூப்பிடாதீர்கள். சிரோசிஸ்காரரின் தசை படுக்கையில் வேகமாகக் கரையும். பிபி நிலையாக இருந்தால் ட்யூப்போடேயே கட்டில் ஓரத்தில் உட்கார வைக்கலாம். உட்கார்ந்தவுடன் வயிற்றுத் தண்ணீர் கீழே இறங்கி நுரையீரல் அடி விரிவதை மெஷின் திரையிலேயே பல பேரிடம் பார்த்திருக்கிறேன். முதல் நாள் இரண்டு பேர் பிடிக்க வேண்டும், ஒருவர் ட்யூப்பை மட்டும் பிடிக்க வேண்டும்.

ட்யூப் எடுக்கும் முன் இருமச் சொல்லிப் பாருங்கள், 'நாக்கை நீட்டுங்க, கையைப் பிடிங்க' என்று சொன்னால் செய்கிறாரா பாருங்கள். மெஷின் எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் இருமத் தெம்பு இல்லாமல், சளி நிறைய இருக்கும்போது எடுத்தால் மறுபடி போட வேண்டி வரும். திரும்பப் போடுவது நிமோனியாவுக்கு நேர் வழி. சீக்கிரம் எடுப்பதும் வேண்டும், எடுத்தது நிற்கவும் வேண்டும், எடுத்த அன்றைக்குத்தான் பிசியோவுக்கு நிஜமான வேலை.

காங்கேயத்துக்காரன்:

நான் ஆஸ்பத்திரி ஆள் இல்லைங்க. எங்கய்யனுக்குச் சர்க்கரை, அதில் ஈரல் கெட்டு, கோவையில் ஒரு மருத்துவமனையில் வென்டிலேட்டரில் இருந்தார். வெளியே உட்கார்ந்திருக்கிற எங்களைப் போன்றவர்களையும் உங்கள் சார்ட்டில் சேருங்கள் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஒறம்பரை என்று ஊரே கிளம்பி வரும். அய்யன் வாய் காய்ந்து கிடக்கிறதே என்று ஒரு பெரியம்மா இளநீரை ஸ்பூனில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இன்னொருவர் கீழாநெல்லிச் சாறு கொண்டு வந்தார். எல்லாம் பாசம்தான், கெட்ட எண்ணம் கிடையாது. அங்கே இருந்த ஒரு சிஸ்டர் கோபப்படாமல் பெரியம்மாவை உட்கார வைத்து, 'ட்யூப் தொண்டையில் இருக்குதுங்க, இப்ப ஒரு வாய் ஊத்தினா அது நெஞ்சுக்குத்தான் போகும். ஈரப் பஞ்சு நான் தர்றேன், உதட்டை நீங்க துடைச்சு விடுங்க' என்றார். அதற்கப்புறம் பெரியம்மாதான் எங்களுக்குக் காவல், கை தேய்க்கும் மருந்து போடாமல் ஒருத்தரையும் உள்ளே விடவில்லை.

தூக்க மருந்தைக் குறைத்தபோது அய்யன் ட்யூப்பைப் பிடுங்கப் பார்த்தார். எங்களைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு பேசச் சொன்னார்கள். தென்னைக்குத் தண்ணீர் விட்டாச்சு, எருமை கன்று போட்டுருக்குது என்று தங்கை சொல்லச் சொல்ல அடங்கினார். கையைக் கட்டிப் போடுவதற்கும் ஊசி போடுவதற்கும் முன்னால் வீட்டாளைக் கூப்பிட்டுப் பாருங்கள் சிஸ்டர். அய்யன் இப்போது வீட்டில்தான் இருக்கிறார், உப்பைக் குறைத்துச் சாப்பிடுகிறார். குடிக்காதவருக்கு எப்படி ஈரல் போச்சு என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள், அதுதான் எங்களுக்கு வெசனம்.

கோபி சிஸ்டர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. கட்டிலை முழுதாகச் சாய்ப்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, இன்றைக்கே ஒரு பெட்டில் செய்து பார்த்தோம், மெஷினில் பிரஷர் அலாரம் அடிப்பது குறைந்தது. மிடாசோலம் பற்றி டாக்டரிடம் நாளை பேசுகிறேன். உடனே ஒத்துக்கொள்வார் என்று சொல்ல முடியாது, ஆனால் கேட்பேன்.

ஒரே ஒரு சந்தேகம் அக்கா. ராத்திரியில் மூன்று வென்டிலேட்டருக்கும் சேர்த்து ஒரு ஸ்டாஃப், ஒரு ஆயா. நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் அந்தப் பெண் செய்ய முடியாது. ராத்திரிக்கு எதை மட்டும் கட்டாயம் என்று சொல்வது? தமிழில் ஒரு தாள் எழுதி கட்டில் மேலே ஒட்டலாம் என்று இருக்கிறேன்.

ஈரோட்டு அக்கா:

ராத்திரிப் பெண்ணிடம் இருபது வேலை கொடுத்தால் இருபதிலும் டிக் மட்டும்தான் இருக்கும். நான் இப்படிப் பிரிப்பேன். பல் துலக்குவது, எழுப்பிப் பார்ப்பது, உட்கார வைப்பது, வயிற்று அழுத்தம் எல்லாம் பகல் ஷிஃப்ட்டுக்குப் போகட்டும். சாயங்கால ஷிஃப்ட் போகும் முன் இன்னொரு தடவை பிரஷ் செய்துவிட்டு, கஃப் பிரஷர் அளந்து எழுதிவிட்டு ஒப்படைக்கட்டும்.

ராத்திரிக்கு என் கட்டாயம் இவ்வளவுதான். ஒவ்வொரு நோயாளியையும் தொடும் முன்னும் தொட்ட பின்னும் கை தேய்ப்பது, அதுவும் ஒரு பெட்டிலிருந்து அடுத்த பெட்டுக்குப் போகும்போது. மூன்று பேருக்கும் ஒரே கை என்பதால் ராத்திரியில் இதற்குத்தான் முதல் இடம். ஒவ்வொரு கட்டிலுக்கும் கைக்கெட்டும் தூரத்தில் பாட்டில் தொங்க வேண்டும், வாஷ் பேசின் பக்கத்தில் ஒன்று இருந்தால் போதாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பும்போது தொண்டையை உறிஞ்சிவிட்டுத் திருப்புவது, திருப்பிய பிறகு தலை உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. விடியற்காலையில் ஒரு தடவை கஃப் அளப்பது. தானாகத் தூக்க மருந்தைக் கூட்டாமல் இருப்பது. கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். நடுராத்திரியில் நோயாளி புரண்டால் தனியாக இருக்கும் பெண்ணுக்குப் பயம் வரும், பம்பில் அளவைக் கூட்டத் தோன்றும். வயிறு ஊதியிருக்கிறதா, ட்யூப் இழுபடுகிறதா, மூத்திர ட்யூப் அடைத்திருக்கிறதா, மலம் போய் நனைந்து கிடக்கிறாரா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் டியூட்டி டாக்டரைக் கூப்பிடட்டும். கூப்பிட்டதற்கு யாரும் திட்ட மாட்டோம் என்று நீங்கள் முன்னாலேயே வாக்குக் கொடுக்க வேண்டும்.

தாளில் இந்த நாலை மட்டும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். நோயாளியின் பெயருக்குக் கீழே 'ட்யூப் போட்டு எத்தனையாவது நாள்' என்று ஒரு கட்டம் விட்டு, தினம் காலையில் அதை மாற்றி எழுதச் சொல்லுங்கள். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் அந்த எண் இருக்கட்டும். கஃப் மீட்டர் உங்களிடம் இல்லை என்றால் நிர்வாகத்திடம் முதலில் அதைக் கேளுங்கள், ஒன்று வாங்கினால் மூன்று பெட்டுக்கும் போதும்.